காய்ச்சல் வந்தது புதன்கிழமை

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமிக்காக நான் ஊசி போட ஆரம்பித்து 22ஆவது வாரம். வெள்ளிக்கிழமை இரவு ஊசி, சனிக்கிழமை காய்ச்சல், ஞாயிறு உடம்புவலி, திங்கள்கிழமை காலை பள்ளிக்கூடம் என்று என் வாரம் ஒரு கணக்குக்குள் வந்திருந்தது. அந்த வாரம் மட்டும் காய்ச்சல் புதன்கிழமை வந்தது.

ஊசி போட்டால் காய்ச்சல் வரத்தானே செய்யும் என்று ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போனேன். இருமலும் இருந்தது. ஊசியோடு தினமும் சாப்பிட்ட ரிபாவிரின் மாத்திரைக்கு வறட்டு இருமல் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மூச்சு வாங்கியது. ரிபாவிரின் ரத்தத்தைக் குறைக்கும், படியேறினால் மூச்சு வாங்கும் என்பதும் தெரிந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் மருந்தின் மேல் பழியைப் போட்டு மூன்று நாள் ஓட்டினேன். தெருமுனை மெடிக்கலில் ஒரு இருமல் டானிக் வாங்கினேன். வெள்ளிக்கிழமை இரவு அடுத்த ஊசியையும் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் எழுந்து நிற்க முடியவில்லை.

நிமோனியா. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்கச் சளி. ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு 480தான் இருந்தது. நமக்குப் பொதுவாக 1500க்கு மேல் இருக்க வேண்டும். நான் போட்டுக்கொண்ட ஊசி பெக்இன்டர்ஃபெரான். இந்த எண்ணிக்கை 750க்குக் கீழே போனால் ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும், 500க்குக் கீழே போனால் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அதன் விதி. எனக்கு நிறுத்தினார்கள். 48 வாரம் போட வேண்டிய ஊசி 22இல் நின்றது. சில மாதம் கழித்துப் பரிசோதித்தபோது கிருமி பழையபடி ரத்தத்தில் இருந்தது.

அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. படுக்கைப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். "டீச்சர், ஊசிக் காய்ச்சல் ஊசிக்கு மறுநாள் வரும், ரெண்டு நாளில் போயிடும். நாலாவது அஞ்சாவது நாள் வர்ற காய்ச்சல் ஊசியோடது இல்லை. அது வேற." இதை நான் முன்பே கேட்டிருக்கலாம். அவரும் முன்பே சொல்லியிருக்கலாம். இப்போது இன்டர்ஃபெரான் சிகிச்சை அநேகமாக வழக்கத்தில் இல்லை. ஆனாலும் அந்த புதன்கிழமை எனக்குக் கற்றுத்தந்தது இன்றைய மாத்திரைச் சிகிச்சைக்கும் அப்படியே பொருந்துகிறது. சிகிச்சையில் இருக்கும்போது வருகிற எல்லா உபாதையையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எனக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று பலர் கேட்பார்கள். சிலர் கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். 1994இல் என் மகள் பிறந்தபோது ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஹெபடைடிஸ் சி கிருமியைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். நம் நாட்டில் தானமாக வருகிற ரத்தத்தை இந்தக் கிருமிக்காகக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்று ஆனது 2001இல். என் இரண்டு பாட்டிலும் இந்த இடைவெளியில் வந்தவை. 2008இல் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்கு முன் எடுத்த பரிசோதனையில்தான் தெரிந்தது. அதுவரை 14 வருடம் ஒரு அறிகுறியும் கிடையாது. 2001க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

2015 வாக்கில் புதிய மாத்திரைகள் நம் ஊருக்கு வந்துவிட்டன. ஊசி வேண்டாம், மூன்று மாதம் தினம் ஒரு மாத்திரை, நூற்றில் 95 பேருக்கு மேல் குணம் என்று கேள்விப்பட்டும் நான் போகவில்லை. அந்த நிமோனியாவின் பயம் விடவில்லை. 2019இல் மகள் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனபோது ஈரல் விறைப்புப் பார்க்கும் ஸ்கேனில் சிரோசிஸ், அதாவது ஈரலில் தழும்பு விழுவது, ஆரம்பித்திருந்தது தெரிந்தது. பயந்து தள்ளிப்போட்ட நான்கு வருடத்தின் விலை அது. இதைத் தாங்கிக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

2018 ஜூலை 28இல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதன்படி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாத்திரை இலவசம். சிரோசிஸ் இருந்தும் ஈரல் இன்னும் வேலை செய்துகொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு டப்பாவில் 28, மூன்று டப்பா, 84 நாள்.

மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே டாக்டர் தொற்றுகளைப் பற்றித்தான் கேட்டார். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். சி கிருமியை மாத்திரை அடக்கும்போது, உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் பி கிருமி எழுந்துகொள்ளக் கூடுமாம். அதனால் இப்போது பி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, முன்பு எப்போதாவது வந்து போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. உடனே பி தடுப்பூசி முதல் தவணை போட்டார்கள். ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். 2009இல் எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் இருமல். அந்த மாதம் எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடமிருந்து தொற்றியது என்று நான் சொல்லியும், எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முடியாமல் மாத்திரை தர மாட்டேன் என்றுவிட்டார். காரணத்தையும் சொன்னார். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், இந்த மாத்திரையை ரத்தத்தில் நிற்கவே விடாது. ஈரலும் குடலும் அதை வேகமாக வெளியேற்றும்படி செய்துவிடும். நாம் தினமும் விழுங்கிக்கொண்டிருப்போம், கிருமி பாட்டுக்கு இருக்கும். என்னோடு வரிசையில் நின்ற ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு அப்படிச் சளியில் காசநோய் தெரியவந்தது. அவருக்கு முதலில் ஆறு மாதம் காசநோய்ச் சிகிச்சை, அதை முடித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். மிகவும் சோர்ந்துபோனார். "ஈரல் வியாதி பல வருஷமா இருக்கு, ஆறு மாசம் காத்திருக்கும். டிபி காத்திருக்காது" என்று நர்ஸ் அவரிடம் சொன்னது நினைவிருக்கிறது. வலிப்புக்குச் சாப்பிடுகிற ஃபெனிடாயின், கார்பமசெபின் மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

என் சளியில் ஒன்றும் இல்லை. செப்டம்பர் இரண்டாவது வாரம் முதல் மாத்திரை.

மூன்றாவது வாரம் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிவயிற்றில் வலி, லேசான குளிர். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். அவர் எழுதித் தந்த சீட்டு அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. ஊரில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய சாதாரண மருந்துதான். மெடிக்கலில் காசைக் கொடுக்கப் போகும்போது புதன்கிழமை ஞாபகம் வந்தது. வாங்காமல் திரும்பி வந்து மருத்துவமனை நர்ஸுக்குப் போன் செய்தேன். சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அரைமணி நேரத்தில் டாக்டரே பேசினார்.

அந்த மருந்து என் மாத்திரையோடு மோதாதாம். ஆனால் ஆன்டிபயாடிக்குகளில் ஈரலைச் சீண்டுவதில் முதல் வரிசையில் இருப்பது அந்தச் சேர்க்கைதான் என்றார். ஏற்கனவே தழும்பு விழுந்த ஈரலுக்கு, வேறு வழி இருந்தால் அதைப் பார்ப்போம். "முதல்ல யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துடுங்கம்மா. கொடுத்த பிறகுதான் மாத்திரை." இந்த வரிசை முக்கியம். ஆன்டிபயாடிக் இரண்டு வேளை உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்பது தெரியாமலே மருந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாதிரி கொடுத்துவிட்டு செஃப்யூராக்ஸிம் என்கிற வேறு ஆன்டிபயாடிக் தொடங்கினேன். கல்ச்சர் முடிவும் அதற்குப் பொருந்தியே வந்தது. ஏழு நாளில் சரியானது. கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு சிரோசிஸ் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. அந்த வியாதியின் பெயரைச் சொல்ல அப்போதும் கூச்சம் இருந்தது.

அன்றைக்குத்தான் ஒரு நோட்டு போட்டேன். முதல் பக்கத்தில் என் நோய், சாப்பிடும் மாத்திரையின் முழுப் பெயர், தொடங்கிய தேதி, மருத்துவமனை எண். வாய் கூசினாலும் நோட்டு பேசும். அடுத்த பக்கத்தில் சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை எண்கள். இதை எழுதும்போது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அடுத்த மாதமே அதன் அருமை தெரிந்தது.

ஏழாவது வாரம், ஐப்பசி மழை. 102 டிகிரி காய்ச்சல், தலை பிளக்கிற வலி. முதல் நாள் பாராசிட்டமால் போட்டுப் பார்த்தேன். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம்தான் எல்லை என்று சொல்லியிருந்தார்கள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் ஜலதோஷத்துக்குக் கொடுக்கிற பல மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போட்டால் கணக்கு எல்லையைத் தாண்டிவிடும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் இப்போது எதையும் விழுங்குவதில்லை.

எங்கள் தெருவில் காய்ச்சல் என்றால் "ஒரு ஊசி போட்டுட்டு வா" என்பார்கள். வலி, காய்ச்சல் இரண்டுக்கும் உடனே கேட்கட்டும் என்று பல இடங்களில் போடுவது டைக்ளோஃபெனாக். சிரோசிஸ்காரருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக்கசிவும் உண்டாக்கும். இபுப்ரோஃபெனும் அப்படித்தான். டெங்கு இருக்கலாம் என்று சந்தேகம் உள்ள காய்ச்சலில் யாருமே அவற்றைத் தொடக்கூடாது.

என் அக்கா நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஏற்கனவே மஞ்சள்காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துத் தந்தவளும் அவள்தான். அவள் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அக்கா, இந்த 84 நாளைக்கு அவங்க கொடுக்கிறதைத் தவிர வேற எதுவும் உள்ளே போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். நாட்டு மருந்தை நான் பழிக்கவில்லை. ஆனால் செடி என்பதாலேயே ஈரலுக்குப் பத்திரம் என்று ஆகிவிடாது. பின்னால் கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை எதிர்ப்புச் சக்திக்கு என்று சாப்பிட்டுப் பலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை நம் நாட்டு டாக்டர்களே பதிவு செய்தார்கள்.

காய்ச்சலின் இரண்டாவது நாள் காலை. மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். மாத்திரை வெளியே வந்துவிட்டதா, உள்ளே போயிற்றா? கை நடுங்கியது. மகள்தான் போன் செய்தாள். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும், அதற்குப் பிறகு என்றால் தேவையில்லை என்றார்கள். மறந்துவிட்டால் 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வரும்போது போட்டுக்கொள்ளலாம், அதையும் தாண்டினால் அடுத்த நாள் வேளைக்கே, இரண்டாகப் போடக் கூடாது. டப்பாவில் ஒன்று குறைந்ததை நோட்டில் குறித்துவைத்துக் காட்டினேன், அடுத்த முறை ஈடுசெய்து கொடுத்தார்கள். காய்ச்சல் என்பதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று அப்போது அழுத்திச் சொன்னார்கள். "நாலு நாள் உடம்பு தேறட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று வீட்டில் சொல்வது அன்பினால்தான். ஆனால் கிருமிக்குக் கொடுக்கிற இடைவெளி அது.

குமட்டலுக்கு வயிற்றுப்புண் மாத்திரை போடலாமா என்று கேட்டதற்கும் பதில் கவனமாகத்தான் வந்தது. வெல்படாஸ்விர் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். ஆன்டாசிட் குடித்தால் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையைக் கேட்காமல் தொடவே கூடாது. காய்ச்சல் சீட்டில் எல்லா ஆன்டிபயாடிக்கோடும் பழக்கத்தில் ஒரு பான்டோபிரசோல் எழுதியிருப்பார்கள். கவனித்துப் பாருங்கள்.

அன்று மாலை லேபில் ரத்தம் கொடுத்தேன். தட்டணு, அதாவது பிளேட்லெட், 88,000. லேபில் இருந்த பையன் முகம் வெளுத்து, "டெங்கு மாதிரி இருக்கு, உடனே அட்மிட் ஆகுங்க" என்றான். என் கணவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் நோட்டைப் பிரித்தேன். சிகிச்சைக்கு முன் எடுத்தபோதே எனக்குத் தட்டணு 96,000. சிரோசிஸில் மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மற்றவருக்கு அபாயமாகத் தெரிகிற எண் எனக்கு அன்றாட எண். அதற்காக வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. நேராக மருத்துவமனைக்குத்தான் போனோம். ஆனால் அந்த ஒரு பக்கம் டாக்டருக்கு உதவியது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவரால் உடனே சொல்ல முடிந்தது.

டெங்கு பரிசோதனையில் இல்லை என்று வந்தது. உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் டாக்டர் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். இடுப்பில் புடவை கட்டுகிற இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுத்த வடு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, நான் கவனிக்கவே இல்லை. உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்றார். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது, மழையும் பனியுமான மாதங்களில் நம் பக்கம் சாதாரணமாக வரும். கொல்லையில் செடி வெட்டியது ஞாபகம் வந்தது. டாக்சிசைக்ளின் காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். என் மாத்திரையோடு அது மோதுமா என்று இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகம் இதற்கென்றே நடத்துகிற இணையதளத்தில் என் கண்முன்னே பார்த்துவிட்டுத்தான் எழுதினார். இரண்டாவது நாளே காய்ச்சல் இறங்கியது. ஈரல் மாத்திரை ஒரு நாளும் நிற்கவில்லை.

அந்த வார்டில் இருந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கும் சி கிருமிதான், வயிற்றில் நீர் கோத்திருந்தது. காய்ச்சல் என்று பெரிதாக இல்லை. இரண்டு நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார், பேச்சு குழறுகிறது, வயசுக் கோளாறு என்று வீட்டில் விட்டிருக்கிறார்கள். வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் அதில் தொற்று. சிரோசிஸ் முற்றியவர்களுக்குப் பெரிய தொற்றுகூட இப்படிச் சத்தமில்லாமல் வருமாம். தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, வயிறு வீக்கமும் வலியும், கறுப்பு மலம், ரத்த வாந்தி, கண் மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு வா என்று எங்கள் எல்லோருக்கும் சொன்னார்கள். அவர் பிழைத்தார். மருமகள் அழுதுகொண்டே, தெரியவில்லையே என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டில் மற்றவர்களுக்கு என்னிடமிருந்து தொற்றாமல் இருக்க நான் செய்தது கொஞ்சம்தான். நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் எனக்குத் தனி. காயம் பட்டால் நானே துடைத்து, நானே கட்டுப்போட்டுக்கொள்வேன். தட்டையும் டம்ளரையும் தனியே வைக்க வேண்டிய அவசியமே இல்லை, இது சேர்ந்து சாப்பிடுவதால் வருவதில்லை. 2008இல் ஆறு மாதம் நானே ஒதுங்கி உட்கார்ந்து தனித்தட்டில் சாப்பிட்டேன். என் மகளுக்கு அப்போது 14 வயது. அவளிடம் அதற்காகப் பின்னால் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் முதல் வாரம் கடைசி மாத்திரை. அதிலிருந்து 12 வாரம் கழித்து, 2020 மார்ச் தொடக்கத்தில், ஊரடங்குக்குச் சற்று முன், கிருமியின் அளவு பார்த்தார்கள். கண்டறியப்படவில்லை என்று வந்தது. தழும்பு விழுந்த ஈரல் அப்படியே இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போய்வருகிறேன். கிருமி போனாலும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். அதனால் சாதாரண பரிசோதனை எப்போது எடுத்தாலும் "சி பாசிட்டிவ்" என்றுதான் வரும். அந்த மார்ச் மாத முடிவின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நோட்டோடு வைத்திருக்கிறேன்.

போன வருடம் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தது. பல் டாக்டரிடம் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். தட்டணு எண்ணைப் பார்த்துவிட்டு, பிடுங்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்றார். வலிக்கு எழுதப்போனவர் பேனாவை நிறுத்தி, "உங்களுக்குப் பாராசிட்டமால் மட்டும்தானே?" என்று கேட்டார். ஆமாம், ஒரு நாளைக்கு நான்கு வரைக்கும் என்றேன்.